புதுமாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி

கல்யாணமாகி ஆறு மாசத்துல பையனுக்குக் கன்னம் உப்பி, சட்டை பட்டன் இழுக்க ஆரம்பிச்சா எங்க மீஞ்சூர் பக்கத்துப் பெரியவங்களுக்கு ஒரே சந்தோஷம். "பொண்டாட்டி கைச்சோறு ஒத்துக்கிச்சு"ம்பாங்க. அதே ஆறு மாசத்துல பொண்ணுக்கு உடம்பு வச்சா பேச்சு வேற. "என்னம்மா, விசேஷமா?"ன்னு தண்ணிக் குழாயடியிலேயே கேட்டுடுவாங்க. இல்லைன்னு சொன்னா அடுத்து வர்ற கேள்வி இன்னும் மோசம்.

எங்க தெருவுல ஒரு ஜோடி. காதலிச்சு, ரெண்டு வீட்டுச் சம்மதத்தோட கட்டிக்கிட்டவங்க. பையன் காட்டுப்பள்ளி பக்கம் கம்பெனி வேன்ல வேலைக்குப் போறான். தை மாசம் கல்யாணம். மறுவீடு, மாமா வீட்டு விருந்து, சித்தப்பா வீட்டு விருந்து, தலை தீபாவளின்னு வருஷம் முழுக்க இலை போட்டாங்க. இப்ப அந்தப் பொண்ணு அஞ்சு மாசம். ஆரம்ப சுகாதார நிலையத்துல சர்க்கரை கூட இருக்குன்னு சொல்லியிருக்காங்க. கர்ப்ப காலத்துல சர்க்கரை வர்றதுக்குப் பல காரணம் உண்டு, எடை அதுல ஒண்ணு. ஆனா ஊர்ல எல்லாரும் அந்தப் பொண்ணைத்தான் பார்த்துப் பேசறாங்க. ஊட்டின கைங்க எதுவும் கணக்குல வரல.

இது எங்க தெருக் கதை மட்டுமில்ல. தேசிய குடும்பநல ஆய்வோட 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம், ஆண்கள்ல 37. அதே ஆய்வுல இருந்த 52,737 தம்பதிகளை எடுத்துப் பார்த்து 2025ல ஒரு கட்டுரை வந்துச்சு. நூத்துக்கு 27 ஜோடியில புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேருக்குமே எடை கூடுதல். தமிழ்நாட்டுல அது 40க்கும் மேல. அமெரிக்காவுல ஃப்ரேமிங்காம்ங்கிற ஊர் மக்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒண்ணு 2007ல வந்தது. தம்பதியில ஒருத்தர் பருமனானா இன்னொருத்தரும் ஆகிற வாய்ப்பு 37 சதவீதம் கூடுதுன்னு அதுல சொன்னாங்க. ஒரே சட்டி, ஒரே சோஃபா. இதுல ஆச்சரியம் என்ன இருக்கு?

என் அபிப்பிராயம் இதுதான். சந்தோஷத்துல உடம்பு வைக்குதுங்கிறது பாதிக் கதை. நம்ம ஊர்ல ரெண்டு பேர் சேர்ந்து செய்யறதுக்குன்னு அனுமதிச்சு வச்சிருக்கிறது சாப்பாடு ஒண்ணுதான். காதலிக்கிறப்போ எங்க சந்திக்கிறாங்க? பேக்கரி, ஜூஸ் கடை, பிரியாணிக் கடை. ஒரு பஃப்ஸ் வாங்கினாத்தான் அரைமணி நேரம் யாரும் எழுப்பாம உட்கார விடுவாங்க. ஏரிக்கரையில சேர்ந்து நடந்தா சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குச் சேதி போயிடும். கல்யாணத்துக்கு அப்புறமாவது நடக்கலாமேன்னா, புருஷனும் பொண்டாட்டியும் ராத்திரி எட்டு மணிக்குத் தெருவுல இறங்கினா "எங்க கிளம்பிட்டீங்க, யாருக்கு உடம்பு சரியில்ல?"ன்னு நாலு வீட்டுல கதவு திறக்கும். பேசாம உள்ள போய் டிவி முன்னாடி தட்டோட உட்கார்ந்துக்குறாங்க.

பழவேற்காட்டுல எனக்கு அரிசிக்கு வாடிக்கை வீடுங்க சிலது உண்டு. விடியறதுக்கு முன்னாடி வலை போடப் போற ஆளு மலை மாதிரி சோறு சாப்பிடுவார், வயிறு ஒட்டித்தான் இருக்கும். ஏலத்துல மீன் எடுத்து, கூடையோட பஸ் ஏறி, தெருத்தெருவா விக்கிற அக்காவும் அப்படித்தான். அவர் தம்பி வேன்ல போய் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். அண்ணன் சாப்பிடற அதே அளவு சாப்பிடறான். தொப்பை அவனுக்கு மட்டும்.

பட்டணத்து நண்பர்கள் பலர் மாப்பிள்ளை சம்பா இருக்கான்னு போன் பண்றாங்க, எடை குறையுமாம். பயிர் பண்றவனே சொல்றேன், வியாபாரம் போனாலும் பரவாயில்ல: அரிசி அரிசிதான். நார் இருக்கு, மென்னு சாப்பிடணும், சீக்கிரம் வயிறு நிறையும். அவ்வளவுதான். அந்தக் காலத்து மாப்பிள்ளை அதைத் தின்னுட்டு இளவட்டக்கல்லைத் தூக்கினான்னு கதை சொல்றாங்க. நாம தூக்கறது ரிமோட்டை.

அளவு குறைக்கணும்னா உலை வைக்கும்போதே குறைக்கணும். தட்டுல குறைச்சா சட்டியில மீறும். மீந்ததைக் கொட்ட மனசு வராம ராத்திரி பத்து மணிக்கு வழிச்சுத் தின்னு முடிக்கிறது எப்பவும் பொம்பளைங்கதான். முன்ன பிடியரிசின்னு ஒரு கை அரிசி எடுத்துத் தனியா வைப்பாங்க இல்லையா, அதே மாதிரி ஒரு பிடி எடுத்துட்டு உலையில போடுங்க. புருஷன் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் பட்டினியா காத்திருக்கிறதும் வேணாம். பசிச்சப்போ சாப்பிட்டுட்டு, அவர் சாப்பிடும்போது பக்கத்துல உட்கார்ந்து பேசினா அன்பு குறைஞ்சிடாது. ஒருத்தர் மட்டும் டயட்னு கஞ்சி குடிச்சு, எதிர்ல இன்னொருத்தர் சிக்கன் கடிக்கிற வீட்டுல ரெண்டாவது வாரமே சண்டை வரும். மாத்தினா ரெண்டு பேருமா மாத்துங்க. தராசு வேணாம், தையல் டேப் போதும்: நம்ம ஆளுங்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டக் கூடாதுங்கிறாங்க.

விருந்து வைக்கிற பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. "போதும்"னு இலையை மறைச்ச கை மேலேயே சோத்தைப் போடாதீங்க. அது மரியாதைக் குறைச்சல் இல்ல, பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சிருக்கு.

ஞாயித்துக்கிழமை ஜோடியா பழவேற்காடு வர்றவங்களைப் பார்த்துட்டுத்தான் இருக்கேன். கார்ல இறங்கி, வறுத்த இறால் ரெண்டு தட்டு, ஒரு செல்ஃபி, திரும்பக் கார். வண்டியை ஓரமா விட்டுட்டு டச்சுக் கல்லறை வரைக்கும் நடங்க, அப்படியே கரையோரமும் போங்க. குளிர்காலமா இருந்தா தூரத்துல பூநாரைங்க தெரியும். இங்க யாரும் உங்க வீட்டுக்குச் சேதி சொல்ல மாட்டாங்க. பசிச்சு வந்ததும் மடவை மீன் குழம்பு சாப்பிடுங்க, வறுத்தது ஒரு தட்டு மட்டும் வாங்கிப் பங்கு போட்டுக்கங்க.