பயிர் உறிஞ்சும் நஞ்சை அறுவடை செய்வது யார்?

கன உலோகங்களால் கெட்டுப்போன விளைநிலங்களைப் பயிர்களைக் கொண்டே தூய்மைப்படுத்தலாம் என்கிறது அறிவியல். கடுகு, சூரியகாந்தி, ஆமணக்கு, வெட்டிவேர் போன்றவை மண்ணிலுள்ள உலோகங்களை வேர்வழியே ஈர்த்துக்கொள்கின்றன. அவற்றைத் தொடர்ந்து பயிரிட்டு அகற்றினால் மண்ணின் நஞ்சு சிறிது சிறிதாகக் குறையும். மண்ணை வெட்டி அள்ளி வேறிடத்தில் கொட்டுவதைவிட இதற்குச் செலவும் குறைவு. இம்முறையை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதன் சுமை யார் தோளில் ஏறும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வழியாக ஓடித் திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையைத் தொட்டுச் செல்கிறது பாலாறு. அதன் தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்பதை, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தை மேற்கோள் காட்டி, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் பதிவுசெய்தது.

தோல் பதனிடுவதில் பயன்படும் குரோமியத்தைப் பெரும்பாலான பயிர்கள் வேரிலேயே தேக்கிக்கொள்கின்றன. தண்டுக்கும் இலைக்கும் சிறிதளவே செல்கிறது. ஆகவே கதிரை மட்டும் அறுத்தால் போதாது, வேரோடு பிடுங்க வேண்டும். பணி முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்நிலத்தில் உணவுப் பயிர் விளைவிக்கக் கூடாது. நடவு, களையெடுப்பு, அறுவடைக் கூலி அனைத்தும் நின்றுபோகும். பட்டாவை வைத்து இழப்பீடு கணக்கிட்டால், நிலமற்ற தலித் கூலித் தொழிலாளர் அக்கணக்கில் வரமாட்டார். 1892 அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டுப் பின்னர் பிறர் பெயருக்கு மாறிய பஞ்சமி நிலத்துக்கான இழப்பீடும் ஆக்கிரமித்தவருக்கே போகும்.

பிடுங்கிய செடியை மாட்டுக்குப் போட முடியாது. அடுப்பெரிக்கவும் கூடாது, எரித்தால் சாம்பலில் உலோகம் செறிந்து நிற்கும். மலத்தையும் தோலையும் சுமக்க வைத்த சாதியச் சமூகம், இந்த நஞ்சுச் செடியை மட்டும் வேறு யார் தலையில் ஏற்றும்?

மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும், சீரழிந்த சூழலை மீட்கும் செலவும் தர வேண்டும் என்று 1996 தீர்ப்பு தெளிவாகக் கூறியது. 28 ஆண்டுகள் கடந்த பின்னரும், இழப்பீட்டை வழங்கி அதை ஆலைகளிடம் வசூலிக்குமாறு 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

எனவே நமது கோரிக்கைகள்: தூய்மைப் பணி தொடங்கும் முன் பஞ்சமி நிலங்கள் அளந்து மீட்கப்பட வேண்டும். தரிசுக் காலக் கூலியிழப்பு மீட்புச் செலவில் சேர்க்கப்பட வேண்டும். பிடுங்கிய செடிகள் அபாயகரமான கழிவாகக் கருதப்பட்டு, பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் உரிய ஊதியமும் பெற்றவர்களால் மட்டுமே கையாளப்பட வேண்டும். இவ்வனைத்தின் செலவும் ஆலைகளிடமே வசூலிக்கப்பட வேண்டும்.

மாணவர்கள் தத்தம் கிராமத்தின் 'அ' பதிவேட்டுப் பிரதியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். நிலமற்ற தொழிலாளர் பட்டியலைத் தொகுத்து, மே 1 கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். நாளை நீதிமன்றத்தில் நாம் வைக்கப்போகும் முதல் சான்றுகள் இவையே.