ஊழிய முனைவர் படிப்பு யாருக்கு?

எலவனாசூர்கோட்டை

இறையியல் கல்லூரிகளின் முனைவர் பட்டச் சேர்க்கை அலுவலர்களுக்கு,

டி.மின் எனப்படும் ஊழிய முனைவர் படிப்புக்கு நீங்கள் கேட்கும் தகுதிகளைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். அங்கீகாரம் பெற்ற இறையியல் பட்டம், அதில் குறைந்தபட்ச மதிப்பெண், சில ஆண்டு ஊழிய அனுபவம், திருச்சபைத் தலைமையின் பரிந்துரைக் கடிதம், ஆங்கிலத்தில் ஆய்வுத் திட்டம். சின்னச் சின்ன வேறுபாடுகளோடு எல்லாக் கல்லூரிகளும் கேட்பது ஏறக்குறைய இவைதாம். தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் ஒன்றாகச் சேரும்போதோ, இந்தப் படிப்பு யாருக்காக உண்டானதோ அவர்களே வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

இது யாருக்காக உண்டானது? 1960-களில் அமெரிக்க இறையியல் பள்ளிகள் இதைத் தொடங்கியபோது, டிஎச்.டி., பிஎச்.டி. போன்ற ஆய்வுப் பட்டங்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன. இருந்தும் தனியாக ஒரு பட்டத்தை உண்டாக்கினார்கள். சபையை விட்டு விலகி நூலகத்தில் உட்கார முடியாத ஆயர், தன் ஊழியத்தில் இருந்தபடியே, அந்த ஊழியத்தையே ஆராய்ந்து மேம்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே இந்தப் படிப்பின் பாடப்புத்தகமே ஊழியக்களம்தான். அப்படியிருக்க, அந்தக் களத்துக்கு உங்கள் விண்ணப்பப் படிவம் எவ்வளவு இடம் தருகிறது? மதிப்பெண் பட்டியலுக்கும் சான்றிதழ் நகல்களுக்கும் பக்கம் பக்கமாக இடமிருக்கிறது. ஊழிய அனுபவத்துக்கு ஒரே ஒரு கட்டம். அதில் ஓர் எண்ணை எழுதினால் முடிந்தது.

அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வந்து பாருங்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்தடுத்த வீடுகளில் பாடை கட்டிய தெரு அது. குடியால் கணவனை இழந்தவளிடம் என்ன பேசுவது, நேற்றுவரை தானும் குடித்தவனை எப்படித் தேற்றுவது, பிள்ளைகளின் படிப்புக்கு யாரிடம் போய் நிற்பது என்று எங்கள் பக்கத்து ஊழியர்கள் எந்தப் பாடத்திட்டத்திலும் படித்ததில்லை. கல்வராயன் மலைக்குப் போனால் நிலைமை இன்னொரு விதம். மலையாளிப் பழங்குடி மக்களில் பலர் பிழைப்புக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகத் தோட்டங்களுக்கும் போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் கிழவிகளும் குழந்தைகளும்தான். இப்படிப்பட்ட சபையை மேய்ப்பது எப்படி என்பது முனைவர் பட்டத்துக்கு உரிய கேள்வி. இதற்கு விடை தேடும் தகுதி, கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறி இறங்கும் ஊழியருக்கு இருப்பதைப்போல் வேறு யாருக்கு இருக்கும்?

தகுதி எது என்ற கேள்வி தமிழ்த் திருச்சபைக்குப் புதிதல்ல. 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடி மிஷனில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் சுதேசப் புராட்டஸ்டண்ட் குரு அவர்தான். கடலூரில் பிறந்தவர் என்பதால் எங்கள் பழைய தென்னார்க்காட்டுக்காரர் என்றும் உரிமை கொண்டாடலாம். உபதேசியாராக உழைத்த உழைப்பே அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் தஞ்சைச் சீமையில் உபதேசியாராக உழைத்தவர் ராஜநாயக்கன். உழைப்பில் எவருக்கும் குறைந்தவரல்லர். அவர் பெயரும் குருப்பட்டத்துக்குப் பேசப்பட்டது. ஆனால் அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றச் சாதியார் மறுப்பார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். கடைசிவரை அவர் உபதேசியாராகவே இருந்தார். அன்று தகுதி என்ற பெயரில் சபை எதை அளந்தது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. பிற்காலத்தில், சாதியோடு சமரசம் செய்ய மறுத்து லைப்சிக் மிஷனை விட்டு விலகிய கார்ல் ஓக்ஸ், 1860-களின் தொடக்கத்தில் எங்கள் தென்னார்க்காட்டுப் பட்டாம்பாக்கத்தில் பணி தொடங்கினார். அது டேனிஷ் மிஷனோடு சேர்ந்து வளர்ந்து இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையானது. அந்த வழியில் வந்த இந்த மண்ணிலிருந்து கேட்கிறேன்: ராஜநாயக்கனைப் போன்ற ஒருவர் இன்று விண்ணப்பித்தால், உங்கள் விதிகள் அவரை உள்ளே விடுமா?

தரத்தைக் குறையுங்கள் என்று கேட்கவில்லை. தரக்குறைப்பை எதிர்ப்பவர்களில் நானும் ஒருவன். பணம் கட்டினால் கிடைக்கும் ‘கௌரவ டாக்டர்’ பட்டங்கள் நம் சபைகளுக்கு எவ்வளவு அவமானம் தேடித் தந்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். கன்வென்ஷன் பேனரில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளும் ஆசைக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் நேர்மையாகப் படிக்க விரும்பும் ஊழியருக்கு நீங்கள் கதவை அடைத்தால், பட்டம் விற்கும் அந்தக் கடைக்காரர்களுக்குத்தான் வியாபாரம்.

அனுபவத்தை எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் சோதித்துப் பாருங்கள். விண்ணப்பித்தவரின் சபைக்கு ஒருவரை அனுப்பி, மூப்பர்களோடும் பெண்களோடும் இளைஞர்களோடும் பேசச் சொல்லுங்கள். இப்போதோ எல்லாமே தலைமையின் பரிந்துரைக் கடிதத்தில் தொங்குகிறது. பேராயர் தேர்தலில் விண்ணப்பித்தவர் எந்த அணிக்கு வாக்களித்தார் என்பதைப் பொறுத்து அந்தக் கடிதம் கிடைக்கவோ கிடைக்காமல் போகவோ செய்யும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். வெளிப்படையாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

குருப்பட்டம் பெற்றவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற விதி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை எடுத்துவிடுங்கள். தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்களுக்குக் குருப்பட்டம் தரத் தொடங்கிவிட்டது. ஆனால் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் அந்த வழி இன்னும் திறக்கவில்லை. பெண்களுக்குச் சபை தராத பட்டத்தைக் கல்லூரி தகுதியாகக் கேட்டால், இரண்டு பக்கமும் அடைத்ததாகிறது.

அமெரிக்க, கனடா இறையியல் பள்ளிகளின் சங்கம் முன்பு எம்.டிவ் என்ற இறையியல் முதுகலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான படிப்பும் அதற்குப் பின் மூன்றாண்டு ஊழியமும் கேட்டது. 2020-ல் ஏற்ற விதிகளில், ஊழியத்துறை சார்ந்த முதுகலைப் பட்டமும், சக மாணவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேசத்தக்க ஊழிய அனுபவமும் போதும் என்று தளர்த்திக்கொண்டது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் பிஎச்.டி. சேர்க்கைக்கு முதுகலையில் 55 விழுக்காடு கேட்டாலும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோருக்கு 5 விழுக்காடு தளர்வு தருகிறது. அரசு தரும் இந்தச் சலுகையையாவது தலித் கிறிஸ்தவ ஊழியருக்கும் பழங்குடி ஊழியருக்கும் நீங்கள் எழுத்தில் தரவேண்டாமா?

மொழி விஷயத்தில் எனக்குச் சமாதானமே இல்லை. 1969-ல் தொடங்கிய மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, இறையியலைத் தமிழிலேயே ஆழமாகப் போதிக்க முடியும் என்று காட்டிவிட்டது. தமிழில் பிரசங்கித்து, தமிழில் ஜெபித்து, தமிழில் அடக்க ஆராதனை நடத்துகிறவர், அந்த ஊழியத்தைப் பற்றிய ஆய்வேட்டை மட்டும் ஏன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்? நூல்களை வாசிக்க ஆங்கிலம் வேண்டும் என்றால் வாசிக்கும் திறனைச் சோதியுங்கள்; எழுதுவது தமிழில் இருக்கட்டும். அப்படி எழுதினால் அதைச் சபை மூப்பரும் எடுத்து வாசிப்பார், தவறு இருந்தால் கேள்வியும் கேட்பார்.

வரும் கல்வியாண்டுக்கான சேர்க்கை அறிவிப்பைத் தமிழிலும் வெளியிடுங்கள். ஊழியக்கள அறிக்கைக்கு மதிப்பெண் பட்டியலுக்கு நிகரான எடை கொடுங்கள். நேர்காணல்களில் ஒன்றையாவது கல்லூரி வளாகத்தை விட்டு இறங்கி, கள்ளக்குறிச்சியிலோ உளுந்தூர்பேட்டையிலோ நடத்துங்கள். இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் இங்குள்ள சபைகள் பொறுப்பேற்கும்.

கர்த்தருடைய பணியில்,
ஒரு சபை மூப்பர்