பெரியம்மா வீட்டு முற்றம், 36 துண்டுகளில்

பெரியம்மா வீட்டை இடிக்கப் போகிறார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், நடுவில் முற்றம் வைத்த ஓட்டு வீடு. பங்கு பிரித்தாகிவிட்டது. வாங்குகிறவர் முன்பணமும் கொடுத்துவிட்டார். தை பிறந்ததும் ஆள் வந்து ஓட்டைப் பிரிப்பார்கள். தூண்கள் நல்ல தேக்கு என்பதால் அவற்றுக்குத் தனி விலையாம்.

"எல்லாத் தூணும் ஒரே போட்டோல தெரியற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுடா. பிரேம் போட்டு மாட்டிக்கிறேன்" என்றார் பெரியம்மா. வாராவாரம் இந்தப் பக்கத்தில் கேமரா பற்றி எழுதுகிறவனிடம் இதைக்கூடக் கேட்காவிட்டால் எப்படி?

கேட்பது சுலபம். முற்றத்தின் ஒரு பக்கம் கூடத்துச் சுவர். மற்ற மூன்று பக்கமும் தாழ்வாரம், எட்டுத் தூண். கூடத்து வாசலில் நின்றால் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை முழுசாக 180 டிகிரி. எந்தச் சாதாரண லென்ஸிலும் அது அடங்காது. துண்டு துண்டாக எடுத்து ஒட்டியாக வேண்டும்.

தீபாவளிக்குப் போனபோது என் ஃபோனில் இருக்கும் பனோரமா வசதியில் ஒரு சுற்று சுற்றினேன். எட்டுத் தூண் ஒன்பதாகிவிட்டது. ஒரு தூண் இடுப்புக்கு மேல் ஒரு இடத்திலும், கீழே அரையடி தள்ளியும் நின்றது. ஓரமாக முறம் புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு மூன்று கை. படத்தைப் பார்த்து வீடே சிரித்தது. பெரியம்மா மட்டும், "இடிக்கறதுக்கு முன்னாடியே இடிச்சிட்டியேடா" என்றார்.

இரண்டாவது முறை நல்ல கேமராவும் ட்ரைபாடும் கொண்டுபோனேன். இந்த முறை மூன்று கை இல்லை. ஆனால் தூண்கள் ஒட்டும் இடத்தில் மறுபடி பிசிறு. கேமரா ஒசத்தி, லென்ஸ் ஒசத்தி, ட்ரைபாட் அசையவில்லை. பிறகு ஏன்?

காரணத்தை நீங்களே உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஜன்னல் கம்பி ஒன்றுக்கு நேராகப் பிடியுங்கள். இப்போது தலையை மட்டும் இடமும் வலமும் திருப்புங்கள். விரல் கம்பியை விட்டு விலகி விலகி வருகிறதா? தலை திரும்புவது கழுத்தில். கண் இருப்பது அதற்கு முன்னால். தலை திரும்பும்போது கண் திரும்புவதோடு நிற்காமல் இடமும் மாறுகிறது. இடம் மாறினால் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுக்கொன்று நகரும்.

கேமராவுக்கும் இதேதான். ட்ரைபாட் திருகு மாட்டும் ஓட்டை கேமராவின் அடியில் இருக்கிறது. ஒளி உள்ளே நுழைவதுபோல் தெரியும் புள்ளி லென்ஸுக்குள், சில சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. புகைப்படக்காரர்கள் அதை வழக்கமாக 'நோடல் பாயிண்ட்' என்பார்கள். 'என்ட்ரன்ஸ் ப்யூபில்' என்பதே சரியான பெயர் என்று ஆப்டிக்ஸ் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். பெயர் எதுவானாலும் கேமரா அந்தப் புள்ளியை அச்சாக வைத்துத்தான் சுழல வேண்டும். இல்லையென்றால் ஒரு படத்தில் தூணுக்குப் பின்னால் தெரிந்த சுவர், அடுத்த படத்தில் தூணால் மறைந்துவிடும். எந்த சாஃப்ட்வேராலும் அதை ஒழுங்காக ஒட்ட முடியாது.

மெரினாவில் நின்று கடலை எடுக்கிறீர்களா? மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்கா? இந்தக் கவலையே வேண்டாம். எல்லாம் தூரத்தில் இருக்கும்போது இந்தப் பிசிறு கண்ணுக்குத் தெரியாது. கையில் பிடித்தே எடுக்கலாம். பத்தடியில் தூண் நிற்கும்போதுதான் தொல்லை. ஃபோனில் எடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். கையை நீட்டி வைத்துக்கொண்டு உடம்போடு சுற்றாதீர்கள். ஃபோன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், நீங்கள் அதைச் சுற்றி நடந்து வாருங்கள். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆனால் படம் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

சரி, அந்தப் படத்தைப் பெரிய அளவில், நுணுக்கமாக ஏன் எடுக்க வேண்டும்? இதற்கு விடை முற்றத்தின் இடது சுவரில் இருந்தது. தாழ்வாரத்துச் சுவரில் பெரியம்மா பென்சிலால் எழுதிய பால் கணக்கு. தேதி, படி, பாக்கி. ஏதோ காரணத்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சென்டிமீட்டர் உயரம்கூட வராது. தூண்கள் தெரிகிற படத்தில் இந்தக் கணக்கையும் படிக்க முடிய வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

உபகரணம் வாங்கப் போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: படத்தில் இருப்பதிலேயே சின்னதாக எது தெளிவாகத் தெரிய வேண்டும்? நிற்கப்போகும் இடத்திலிருந்து அதை மட்டும் ஒரே ஒரு படம் எடுங்கள். கேமரா திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். படிக்க முடிந்தால் அந்த லென்ஸ் போதும். முடியாவிட்டால் இன்னும் நீளமான லென்ஸ் வேண்டும். பரந்த காட்சி என்றதும் எல்லாரும் வைட் லென்ஸைத்தான் தேடுவார்கள். துண்டு துண்டாக எடுக்கும்போது நேர்மாறு. லென்ஸ் நீளமாக நீளமாகத் துண்டுகள் கூடும், நுணுக்கமும் கூடும்.

எனக்குப் போதுமானதாக இருந்தது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவும், ஜூம் இல்லாத 35 மி.மீ. லென்ஸும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் அது அகலவாக்கில் பார்ப்பது சுமார் 25 டிகிரி. உயரத்தில் 37. அந்தச் சுவர் இருபதடி தூரம். கணக்குப் போட்டால் சுவரில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றரை பிக்சல் விழுகிறது. சென்டிமீட்டர் எழுத்துக்குப் பதினைந்து பிக்சல், படித்துவிடலாம். ஃபோனின் 12 மெகாபிக்சல் படத்தில் அதே எழுத்துக்கு நான்கைந்து பிக்சல்தான். வெறும் கறை.

ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். ஜூம் வளையம் நடுவில் நகராமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஜூம் மாறினால் அந்தப் புள்ளியும் இடம் மாறிவிடும்.

கேமராவை மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. 2009 ஜனவரி 20, பராக் ஒபாமா முதல் முறை அதிபராகப் பதவியேற்ற நாள். டேவிட் பெர்க்மன் என்ற புகைப்படக்காரர் அந்த விழாவை 220 படங்களாக எடுத்து ஒட்டினார். மொத்தம் 147 கோடி பிக்சல். கூட்டத்தில் நிற்பவர்களின் முகங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அவர் கையில் இருந்தது லென்ஸ் கழற்ற முடியாத, கைக்கு அடக்கமான கேனன் ஜி10. அதைத் துல்லியமாகத் திருப்பியது 'ஜிகாபேன்' என்ற சின்ன ரோபோ. சுருக்கமாக, காசு இருந்தால் கேமராவில் போடாதீர்கள், அதற்குக் கீழே இருப்பதில் போடுங்கள்.

கீழே இருப்பது என்று நான் சொல்வது பனோரமா ஹெட். எல் வடிவக் கை, அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் போன்ற பட்டை, அடியில் கிளிக் கிளிக் என்று டிகிரி எண்ணித் திரும்பும் வட்டு. ஒரே வரிசை எடுக்க இது போதும். மேலும் கீழும் இன்னும் வரிசைகள் வேண்டுமென்றால் செங்குத்தாகவும் சாயும் மல்டி-ரோ ஹெட் வேண்டும். தரையும் ஓட்டுச் சரிவும் வேண்டும் என்பதால் எனக்கு மல்டி-ரோ. வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பவர்கள் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். நானும் வாடகைக்குத்தான் எடுத்தேன்.

முதல் நாள் மாலையே அதைப் பொருத்திச் சரிசெய்து வைத்துவிட வேண்டும். இதற்குத் தேவை இரண்டு செங்குத்துக் கோடுகள், ஒன்று பக்கத்தில், ஒன்று தூரத்தில். பெரியம்மா ஒட்டடைக் கம்பைக் கொடுத்தார். அதை நாலடி தூரத்தில் ஒரு நாற்காலியில் கட்டி, எதிர்த் தாழ்வாரத்து ஜன்னல் கம்பிக்கு நேராக வைத்துக்கொண்டேன். முதலில் லென்ஸின் நடுக்கோடு சுழலும் அச்சுக்கு நேர்மேலே வரும்படி பக்கவாட்டில் சரிசெய்ய வேண்டும். பிறகு கேமராவை வலது பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒட்டடைக் கம்பு ஜன்னல் கம்பியை விட்டு இடது பக்கம் விலகினால் லென்ஸ் அச்சுக்கு முன்னால் இருக்கிறது, கேமராவைப் பின்னால் இழுங்கள். வலது பக்கம் விலகினால் முன்னால் தள்ளுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டே திரும்பினால் வேலை முடிந்தது. பட்டையில் இருக்கும் அளவைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை இந்தக் கூத்து வேண்டாம். எனக்கு அன்று முக்கால் மணி நேரம் ஆனது. "ஒட்டடை அடிக்கவா வந்தே?" என்று கேட்டுவிட்டு பெரியம்மா காபி போடப் போய்விட்டார்.

அடுத்து வெளிச்சம். முற்றத்து வீட்டில் மேலே வானம் பளீர், தாழ்வாரம் இருட்டு. வெயில் உள்ளே இறங்கிவிட்டால் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. எடுத்துக்கொண்டிருக்கும்போதே நிழலும் நகரும். செவ்வாய்க் கிரகத்தில்கூட இந்தத் தலைவலி உண்டு. 2019 நவம்பர் கடைசியில் நாசாவின் க்யூரியாசிட்டி ஊர்தி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களால் 180 கோடி பிக்சல் பனோரமா ஒன்றை எடுத்தது. வெளிச்சம் மாறிவிடக் கூடாது என்று தினமும் அந்த ஊர் நேரப்படி பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் மட்டுமே எடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் மார்கழிக் காலை ஏழு மணியைத் தேர்ந்தெடுத்தேன். வெயில் இன்னும் ஓட்டின்மேலேயே ஏறியிருக்கவில்லை.

கேமராவில் 'ஆட்டோ' என்று எது இருந்தாலும் அணைத்துவிட வேண்டும். துண்டுக்குத் துண்டு நிறமும் வெளிச்சமும் மாறினால் ஒட்டிய படம் ஒட்டுப்போட்ட புடவை மாதிரி இருக்கும். மேனுவல் மோடு, ஐ.எஸ்.ஓ 100, எஃப் 11. ஒயிட் பேலன்ஸை ஒரே இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பதினாறடி தூரத்துத் தூணில் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு, ஃபோகஸையும் மேனுவலுக்கு மாற்றினேன். எஃப் 11-ல் பத்தடித் தூணும் தெளிவு, கடைசிச் சுவரும் தெளிவு. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனை ட்ரைபாடில் அணைக்க மறக்காதீர்கள். பலரும் மறப்பது இதைத்தான். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமர். ஜேபெக் வேண்டாம், ரா ஃபைல். போலரைசர் ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள், வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுக்கும்.

15 டிகிரிக்கு ஒரு கிளிக். ஒரு துண்டும் அடுத்த துண்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. சாஃப்ட்வேருக்கு அந்தப் பொது இடம் வேண்டும். வரிசைக்கு 12 படம். நேராக ஒரு வரிசை, 25 டிகிரி மேலே ஒன்று, கீழே ஒன்று. மொத்தம் 36. அந்தக் காலத்து ஒரு ஃபிலிம் ரோல்! ஆனால் இருட்டுக்கும் வெளிச்சத்துக்குமாக ஒவ்வொன்றையும் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி மூன்று முறை எடுத்ததால் 108. வரிசை தொடங்கும்போது லென்ஸ் முன்னால் ஒரு விரல், முடியும்போது இரண்டு விரல் காட்டி ஒவ்வொரு படம் எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் எது எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்காது.

பெரியம்மாவை மூன்றாவது தூணடியில் உட்காரவைத்தேன். அவர் விழும் துண்டுகளை மட்டும் முதலில் அடுத்தடுத்து எடுத்து முடித்தேன். "அசையாம இருங்க பெரியம்மா." "எங்கடா போகப் போறேன்?" என்றார். அதற்குப் பிறகு இருவரும் எதுவும் பேசவில்லை.

ஒட்டுவதற்கு 'ஹுகின்' என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கொடுப்பதென்றால் 'பிடிகுய்' வேகமானது. தூண்கள் நேராக நிற்க வேண்டுமென்றால், 'இது செங்குத்துக் கோடு' என்று இரண்டு மூன்று தூண்களைக் குறித்துக் காட்ட வேண்டும். என் பழைய லேப்டாப் ராத்திரி முழுக்க முனகியது. ஓரங்களை வெட்டிய பிறகு ஏறக்குறைய 28,000-க்கு 12,500 பிக்சல், 35 கோடி. ஃபைல் 2 ஜி.பி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பிரிண்ட் போட்டால் கிட்டத்தட்ட எட்டடி அகலம் வரும்.

எட்டடிக்குச் சுவர் எங்கே? பெரியம்மா போகப்போவது மகளின் ஃப்ளாட்டுக்கு. ஹாலில் ஜன்னலுக்கும் டி.வி.க்கும் நடுவில் ஐந்தடிதான் கிடைத்தது. ஐந்தடிக்கே போட்டோம்.

மாட்டிய அன்று பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூண்களை எண்ணினார். எட்டு. பிறகு என் லேப்டாப்பில் இடது சுவரைப் பெரிதாக்கிக் காட்டினேன். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்துக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்றார். "இந்த அரைப் படி பாக்கி, குடுக்கவே இல்லையேடா அவனுக்கு."

ஒரு பிழை மட்டும் மிச்சம். வலது ஓரத்தில் கிணற்றடிப் பூனை நடந்து போயிருக்கிறது. அதற்கு இரண்டு வால். அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.