எழுபது வளைவுகளுக்குக் காப்பீடு இல்லை

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது காரவள்ளி. மலைச்சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இவ்வூரைக் கடந்ததும் தொடங்குகின்றன. சுற்றுலாப் பயணிக்கு அவை வேடிக்கை. கீமோதெரபி முடிந்து, குமட்டலை அடக்கிக்கொண்டு பேருந்தில் ஊர் திரும்பும் மலைவாசிக்கு அவை சிகிச்சையின் ஒரு பகுதி. எந்தச் செலவுப் பட்டியலிலும் ஏறாத பகுதி.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் புது வடிவம் பெற்று, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதன் பயனை மறுப்பவன் நானல்லன். ஆனால் அப்பணம் செல்வது மருத்துவமனைக்கு. குடும்பம் நொடிவதோ மருத்துவமனைக்கு வெளியே.

கதிர்வீச்சுச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தாம். ஆனால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள். மலையிலிருந்து அன்றாடம் இறங்கி ஏற இயலாது. நகரத்தில் தங்கவேண்டும், துணைக்கு ஒருவரும் தங்கவேண்டும். வரிசையில் நிற்பவர், பரிசோதனை முடிவை வாங்கி வருபவர், கஞ்சி ஊட்டுபவர், இரவில் தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுப்பவர் எல்லாம் அந்த ஒருவரே. நம் மருத்துவமனைகள் அவரது ஊதியமில்லா உழைப்பின் மேல் நிற்கின்றன. அத்தனை நாளும் அவருக்குத் தோட்டக் கூலி இல்லை. நோய் ஒருவருக்கு, வருமானம் போவது இருவருக்கு.

இந்தத் துணையாளரை ரயில்வே அறிந்திருக்கிறது. தூங்கும் வசதிப் பெட்டியில் புற்றுநோயாளிக்குக் கட்டணமில்லை. உடன் செல்பவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. கொல்லிமலைக்கு ரயில் இல்லை என்பது வேறு விஷயம். கேரளம், படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தை வகுத்தது. தொகை அற்பம், கொள்கை அற்பமன்று.

கையில் பணம் கொடுத்தால் குடித்தழிப்பார்கள் என்பது அடுத்த வாதம். காசநோயாளியின் வங்கிக் கணக்கில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் செலுத்தப்படுகிறது. தமிழகத்தில் கர்ப்பிணிகளுக்கு, சத்துணவுக்கும் கூலியிழப்புக்குமாக, பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் தரப்படுகிறது. அத்திட்டத்தின் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய அதே அம்மையார். அவர் பெயரால் பேறுகால கூலியிழப்பைப் புரிந்துகொண்ட அரசுக்கு, புற்றுநோய் வீட்டின் கூலியிழப்பு மட்டும் ஏன் புரியவில்லை?

கொடையாளர்கள் இருக்கிறார்களே என்றும் சொல்வார்கள். யாரேனும் இரங்கினால் கிடைக்கும், இரங்காவிட்டால் இல்லை என்பது நோயாளியின் உரிமையாகாது. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு ஆடிதோறும் விழா எடுக்கிறோம். புறநானூற்றில் வன்பரணர் காட்டும் அந்த வேட்டுவன், பசித்து வந்த கூட்டத்துக்குத் தன் பெயரையும் கூறாமல் இறைச்சியும் பொன்னும் அளித்தவன். நாமோ ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்றிதழ் கேட்டு வாங்கிவிட்டு, பேருந்துக் கட்டணத்தை மறந்துவிடுகிறோம்.

கோரிக்கை எளியது. சிகிச்சை நாள் ஒவ்வொன்றுக்கும் துணையாளருக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி, இருவருக்கும் வழிச்செலவு. மருத்துவமனையின் வருகைப் பதிவேடே அதற்குச் சான்று. புதிதாக வேறெந்தச் சான்றிதழும் வேண்டாம்.