பதினாறு மணி நேரப் பந்தயமும் மொட்டை மாடி நடையும்



எங்கள் குடும்பத்து மச்சான் ஒருவர் தமது 46ஆம் வயதில், மலேசியாவின் லங்காவித் தீவில் நடைபெற்ற நெடுந்தொலைவு டிரையத்லான் பந்தயத்தை முதன்முறையாக நிறைவு செய்து திரும்பியிருக்கிறார். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் சைக்கிளில் 180 கிலோமீட்டர், இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவர் 16 மணி 12 நிமிடத்தில் முடித்தார். அல்ஹம்துலில்லாஹ்.

செய்தி குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு எட்டியதும் ஓரிருவர் ‘மாஷா அல்லாஹ்’ என்றனர். மற்றவர்களிடமிருந்து கேள்விகளே வந்தன. இந்த வயதில் இது தேவையா? அன்றைய தொழுகை என்னாயிற்று? அரைக்கால் சட்டையோடு நம் வீட்டுப் பிள்ளை ஊர் முன்னால் ஓடலாமா? அந்தக் காசில் ஒரு குமர் காரியத்தை முடித்திருக்கலாமே?

கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர், நம் பெரியவர்கள்தாம். ஆனால் இக்கேள்விகளுள் பெரும்பாலானவை மார்க்கத்தின் உடையை அணிந்து வந்த வழக்கம் என்பதே எங்கள் வாதம். இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது நம் ஆரோக்கியத்துக்கு மட்டுமன்றி மார்க்கத்துக்கும் நல்லது.

முதலில் தொழுகை. இக்கேள்வி நியாயமானது, ஒரு முஸ்லிமிடம் முதலில் கேட்க வேண்டியதும் இதுவே. பந்தயம் காலை ஏழரைக்குத் தொடங்கியது. ஃபஜ்ரை அவர் அறையிலேயே தொழுதுவிட்டுத்தான் கடற்கரைக்குச் சென்றார். மூன்றே நாள் தங்கலில் சென்ற பயணி என்பதால், ஷாஃபி மத்ஹபின்படி லுஹரை அஸருடன் சேர்த்துச் சுருக்கித் தொழும் நிய்யத்துடன் சைக்கிளை மிதித்தார். மாலை ஐந்து மணி கடந்து சைக்கிளை ஒப்படைத்த இடத்தில் ஒளுச் செய்து இரண்டு வக்தையும் நிறைவேற்றிவிட்டே ஓட்டத்தைத் தொடங்கினார். மஃரிபும் இஷாவும் ஓட்டப் பாதையின் ஓரத்தில் நிறைவேறின. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோருக்குப் பயணத்தில் இவ்வாறு சேர்த்துத் தொழும் சலுகை இல்லை. அவர்கள் உரிய நேரத்தில் சைக்கிளை விட்டிறங்கித் தொழ வேண்டியதுதான். பந்தய விதி அதைத் தடுப்பதில்லை. கடிகாரம் நிற்காது, அவ்வளவே. தொழுகைக்காக அவர் இழந்தது ஏறத்தாழ இருபது நிமிடம். கிரிக்கெட் இறுதிப் போட்டி நடக்கும் இரவில் நம் தெருப் பள்ளியின் இஷா ஜமாஅத்தில் எத்தனை வரிசை நிற்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இக்கேள்வியை யாரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

அடுத்தது அவ்ரத். முழங்கால் தெரியும் உடையில் அவர் ஓடவில்லை. இறுக்கமான நீள்காலாடையின் மேல் தளர்வான கால்சட்டை அணிந்தே ஓடினார், யாரும் தடுக்கவில்லை. ஈரானைச் சேர்ந்த ஷிரின் கெராமி என்ற பெண் 2013இல் லண்டனில் நடந்த உலக டிரையத்லான் போட்டியில் தலையும் உடலும் மறைத்த உடையோடு தம் நாட்டின் சார்பில் பங்கேற்றார். ஒரு பெண்ணால் அங்கே காக்க முடிந்த ஒழுங்கை ஓர் ஆணால் காக்க முடியாதா? உடை தடையாக இருந்த காலம் பெருமளவு கடந்துவிட்டது. தடையாகத் தொடர்வது நம் மனம்.

பணத்தைப் பற்றிய கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. இது செலவு மிக்க விளையாட்டு. நுழைவுக் கட்டணம், விமானம், தங்குமிடம், சைக்கிள் எல்லாம் சேர்த்து அவருக்கு மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாயிற்று. கார்பன் சக்கரம், காற்றைக் கிழிக்கும் தலைக்கவசம் என்று ஆசை காட்டும் வணிகமும் இதில் பெரிது. முதல் பந்தயத்துக்குச் சாதாரண அலுமினிய ரோடு சைக்கிளே போதும் என்று அவரே சொல்கிறார். வீண்விரயம் எங்கே தொடங்குகிறதோ அங்கே நிறுத்துவது கடமை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதே குடும்பத்தில் நடந்த ஒரு வலீமாவில் 1,200 பேருக்கு மட்டன் பிரியாணி ஆக்கி, மீந்த சட்டிகளை நள்ளிரவில் ஏற்றி அனுப்பினோம். அன்று எந்தப் பெரியவருக்கும் குமர் காரியம் நினைவுக்கு வரவில்லை. உண்பதற்குச் செலவிடுவது கௌரவம், உண்டதைக் கரைப்பதற்குச் செலவிடுவது விரயம் என்ற கணக்கை எந்த ஃபிக்ஹு நூலிலிருந்து எடுத்தோம்?

இனி வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் எடை 94 கிலோ. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 8.4 வந்தது. அவருடைய வாப்பா 52 வயதில் மாரடைப்பில் மவுத்தானவர். அந்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபின் அவர் செய்த முதல் காரியம் இருபது நிமிட நடை மட்டுமே. நடை மெல்ல ஓட்டமாயிற்று. நீச்சல் கற்றது 43 வயதில். பந்தயத்துக்கு முந்திய எட்டு மாதங்களில் வாரத்துக்குப் பத்து முதல் பதினான்கு மணி நேரம் வரை பயிற்சி, எல்லாம் மருத்துவரின் மேற்பார்வையில். இன்று அதே பரிசோதனை 6.1 காட்டுகிறது; மாத்திரை ஒன்று இன்னும் தொடர்கிறது. இதில் மாயம் ஏதுமில்லை. இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. வேறு சிலரை நினைத்தால் 46 ஒரு வயதே அன்று. மடோனா புடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரி 2012இல், 82ஆம் வயதில், கனடாவில் இதே தொலைவை முடித்தார். ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018இல் ஹவாயில் முடித்தபோது அவருக்கு வயது 85. அவ்விருவரையும் யாரும் ‘தேவையா’ என்று கேட்கவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை, கேட்டிருப்பார்கள்.

இந்தப் பந்தயமே ஒரு வீம்புப் பேச்சில் பிறந்ததுதான். ஹவாயில் பணியாற்றிய ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும், நீச்சல்காரர், சைக்கிள்காரர், ஓட்டக்காரர் ஆகியோருள் யார் உடல் வலியவர் என்ற சர்ச்சையைத் தீர்க்க, அங்கு ஏற்கெனவே இருந்த மூன்று நெடும்பாதைகளை ஒன்றாக்கினர். 1978 பிப்ரவரி 18இல் புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். வீம்பில் பிறந்தது என்பதற்காகவே எம்மில் ஒருவர் அதை நல்ல நிய்யத்தோடு செய்யக்கூடாது என்றாகிவிடாது.

நம் நாட்டின் நிலையையும் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்வதாக மதிப்பிட்டது. 2022ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து வெளிவந்த மற்றோர் ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்றது. ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு. போதிய இயக்கம் என்று உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. வேக நடையே போதும்.

அந்த 57 விழுக்காட்டுக்குள் எங்கள் லாத்தா இருக்கிறார். பந்தயம் முடித்த மச்சானின் உடன்பிறந்தவர், அதே வாப்பாவின் மகள், அதே சர்க்கரை. அவரையும் மருத்துவர் நடக்கச் சொன்னார். அவர் தெருவில் நடக்கவில்லை. வீட்டின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணிக்கொடிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து, அஸருக்குப் பின் இருபது நிமிடம் சுற்றுகிறார். ஒரு சுற்று நாற்பது அடி தேறாது. ஓயாமல் ஒரே பக்கம் திரும்பித் திரும்பி முழங்கால் வலி வந்துவிட்டது. ஏன் தெருவில் நடப்பதில்லை? ஹிஜாபோடு நடந்தாலும் ‘எந்த வேலையுமில்லாமல் இவள் எங்கே போகிறாள்’ என்ற பார்வை. நடைப்பயிற்சி மைதானம் இருக்கும் ஊரில் அங்கே வாலிபர் கூட்டம். நீச்சல் குளம் என்றால் பெண்களுக்கெனத் தனி நேரம் இல்லை. ‘பெண்ணுக்கு வீட்டு வேலையே போதிய உடற்பயிற்சி’ என்று மேடையில் சொல்லும் அன்பர்கள், தங்கள் மனைவியரின் பரிசோதனைத் தாளை ஒருமுறை வாசித்துவிட்டுப் பேசட்டும்.

பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்ததும், முதலில் அன்னை வென்றதும், பின்னொரு காலத்தில் அன்னையின் உடல் கனத்தபோது நபியவர்கள் வென்றதும் ஹதீஸ் நூல்களில் பதிவான செய்திகள்; பந்தயத்தை அபூதாவூதில் காணலாம். மணமேடை பயான்களில் கணவன் மனைவி அன்புக்குச் சான்றாக இதைச் சொல்லி நெகிழ்கிறோம். அங்கே ஒரு பெண் ஓடினார், திறந்த வெளியில் ஓடினார் என்ற பகுதி மட்டும் நம் காதில் விழுவதே இல்லை. தோழர்களை முன்னே அனுப்பியது மறைவுக்கான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்யும் பொறுப்பை ஆண் ஏற்றுக்கொண்டார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாமோ மறைவைப் பெண் மீது சுமத்தினோம், ஏற்பாட்டை மறந்துவிட்டோம்.

மச்சானிடமும் எங்களுக்குக் கேள்வி இருக்கிறது. அவரிடம் நேரில் கேட்டும்விட்டோம். ஞாயிறுதோறும் ஐந்து மணி நேரம் அவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதித்தபோது பிள்ளைகளை யார் பார்த்தார்? அதிகாலையில் எழுந்து அவருக்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்தவர் யார்? ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றபோது, கணவர் வணக்கத்திலேயே மூழ்கியிருக்க அவர் மனைவி கவனிப்பாரின்றி இருந்ததைக் கண்டு, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய ஹக்கை எடுத்துச் சொன்ன செய்தி புகாரியில் உண்டு. வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால், சைக்கிளுக்கு இல்லாமற் போகுமா? அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். இப்போது வாரத்தில் மூன்று காலை அவருடைய மனைவிக்கு. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாடு அன்று அவர் பொறுப்பு.

நீச்சலைப் பற்றி ஒரு சொல். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம் என்று கடலை வாசலில் வைத்திருக்கும் ஊர்கள் நம்முடையவை. மரக்கலம் செலுத்தியதால் மரக்காயர் ஆனோம் என்று பெருமை பேசுகிறோம். கீழக்கரையில் முத்தும் சங்கும் எடுக்க மூழ்கியவர்களில் நம் முன்னோர் இருந்தனர். அவர்களின் பேரர்களில் எத்தனை பேர் இடுப்பளவு நீருக்கு மேல் இறங்குவர்? விடுமுறையில் குளத்திலும் கடலிலும் இளம்பிள்ளைகள் மூழ்கி ஜனாஸாவாகத் திரும்பும் செய்தி வரும்போதெல்லாம் கத்ர் என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறோம். கத்ர் உண்மை, கற்றுக்கொடுக்காதது நாம். பிள்ளைகளுக்கு நீச்சல், அம்பெய்தல், குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கச் சொல்லும் வாசகம் உமர் (ரலி) அவர்களின் கூற்றா, நபிமொழியா என்று நாம் காரசாரமாக விவாதிக்கிறோம். நீச்சல் கற்பதை வீண் விளையாட்டிலிருந்து விலக்கிச் சொல்லும் அறிவிப்பு நஸாயீ அவர்களின் அஸ்ஸுனன் அல்குப்ராவில் தனியே இருக்கிறது. விவாதம் நடக்கட்டும், நடக்கும்போது பிள்ளை தண்ணீரில் இருக்கட்டும்.

நம் பிள்ளைகள் 180 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. லங்காவியின் வெயிலில் மச்சான் கடைசிப் பத்துக் கிலோமீட்டரைப் பெரும்பாலும் நடந்தே கடந்தார். பேரீச்சம்பழமும் உப்பிட்ட உருளைக்கிழங்கும் எலுமிச்சைச் சாறும் அவரைத் தாங்கின. (பந்தயச் சாவடிகளில் தரும் மெல்லும் மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கலாம், செல்வோர் உறையைப் படித்துவிட்டு உண்ணவும்.) அவ்வளவு தொலைவு எல்லார்க்கும் ஆகாது, தேவையும் இல்லை. ஆனால் அவருடைய முதல் இருபது நிமிட நடை எல்லார்க்கும் ஆகும். அதைத் தடுப்பது நம் பேச்சு என்றால், பேச்சைத்தான் நிறுத்த வேண்டும்.

எங்கள் ஜமாஅத்தின் அடுத்த பொதுக்குழுவில் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் வைக்கவிருக்கிறோம். நிக்காஹ் இல்லாத நாட்களில் பூட்டிக்கிடக்கும் ஷாதி மஹாலின் பின்புற மைதானத்தை அஸர் முதல் மஃரிப் வரை பெண்களின் நடைக்குத் திறந்துவிடுவது. வாசலில் நின்று பார்க்கும் ஆண்களை அப்புறப்படுத்தும் பொறுப்பை நிர்வாகமே ஏற்பது. அருகிலுள்ள நீச்சல் குளத்தை வாரம் இருமுறை பெண் பயிற்சியாளரோடு பெண்களுக்கு வாடகைக்கு எடுப்பது. மக்தபின் கோடை விடுமுறையில் பத்து வயதைக் கடந்த ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனியே நீச்சல் வகுப்பு நடத்துவது. செலவுக் கணக்கையும் இணைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு நுழைவாயில் வளைவுக்கு ஆன தொகையில் பாதிகூட வராது. உங்கள் மஹல்லாவிலும் இதைக் கேளுங்கள். லாத்தாவின் கையொப்பம் எங்கள் மனுவில் முதலாவதாக இருக்கிறது.