புதுநன்மை விருந்துக்குச் சர்க்கரை பிஸ்கோத்து



புதுநன்மை பெறும் பிள்ளைகளுக்குத் திருப்பலி முடிந்தபின் அளிக்கும் சிற்றுண்டியில், வீட்டில் சுட்ட பிஸ்கோத்தும் இருக்கட்டும் என்று சில தாய்மார் விரும்புகின்றனர். நல்ல விருப்பமே. ஆயினும், நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் 28 பிள்ளைகள் புதுநன்மை பெற்றனர். மே மாதம், கடும் வெயில். நற்கருணைக் கிண்ணத்தின் வடிவில் மாவை வெட்டி அடுப்பினுள் வைத்தேன். வெளியே வந்தவையோ காளான்கள்! உருக்குலைவை மறைப்பதற்காக, சந்தைக் கடையொன்றில் பொட்டலமாக வாங்கிய ரோஜா நிறப் பொடியைச் சர்க்கரைப் பூச்சில் கலந்து தாராளமாகப் பூசினேன். மாலைவரை பிள்ளைகளின் நாவும் உதடும் சிவந்தே இருந்தன. ஒரு தாய் வந்து, “அக்கா, இதில் என்ன சாயம் போட்டீர்கள்?” என்று கேட்டார். “நல்ல சாயம்தான்” என்று சொல்லி நழுவினேன். அது என்ன சாயம் என்பது எனக்கே தெரியாது.

2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தபோது அந்தத் தாயின் முகமே என் நினைவுக்கு வந்தது. சோதனையில் அந்த மிட்டாயில் ரோடமின்-பி என்னும் சாயம் காணப்பட்டது. துணிக்கும் தோலுக்கும் ஏற்றும் சாயம் அது. உணவில் சேர்க்க அனுமதி இல்லை. என் பொட்டலத்தில் இருந்ததும் அதுவோ, வேறொன்றோ, யார் அறிவார்? உறையும் பெயரும் இல்லாத நிறப்பொடி அன்றுமுதல் என் சமையலறைக்குள் நுழைந்ததில்லை.

இனி மாவுக்கு வருவோம். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரு பங்கு, மைதா மூன்று பங்கு என்பது ஜெர்மானிய இல்லங்களில் வழங்கும் எளிய கணக்கு. 100 கிராம் சர்க்கரையை மிக்சியில் பொடித்துச் சலித்து, உப்பில்லா வெண்ணெய் 200 கிராமுடன் குழைக்க வேண்டும். வெளுத்து நுரைக்கும்வரை அடிக்க வேண்டா. காற்று மிகுந்தால் பிஸ்கோத்து பரந்துவிடும். ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு, 300 கிராம் மைதா ஆகியவற்றைச் சேர்த்துத் திரட்டுக. வீட்டில் கடைந்த வெண்ணெயாயின் அதிலுள்ள நீரை நன்கு பிழிந்து நீக்குக. சோடா மாவு, பேக்கிங் பவுடர் எதுவும் கூடாது. என் கிண்ணங்கள் காளான்களானதற்கு நான் போட்ட அந்த ஒரு கரண்டிப் பவுடரும் ஒரு காரணம்.

மற்றொரு காரணம் வெயில். வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். நமது கோடைச் சமையலறையோ அதையும் மிஞ்சும். ஆகவே திரட்டிய மாவை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டி, வெட்டிய துண்டுகளையும் தட்டோடு மீண்டும் 15 நிமிடம் குளிரவிடுக. இந்த இரண்டாம் குளிர்ச்சியைத் தவிர்ப்பவர்களே பலர். வடிவம் கெடுவதும் அங்கேதான். பிறகு 175 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். விளிம்பு இலேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். சுமார் 30 பிஸ்கோத்துகள் கிடைக்கும்.

பூச்சுக்குப் பலர் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் சேர்ப்பர். அது பளிங்குபோல் இறுகும் என்பது மெய்யே. ஆயினும் வேகாத முட்டையைச் சிறு பிள்ளைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கொடுக்க நான் துணிவதில்லை. சலித்த சர்க்கரைப் பொடி 100 கிராம், சோளமாவு ஒரு தேக்கரண்டி, கொதித்து ஆறிய நீர் மூன்று தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு சில துளிகள் போதும். வெண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுற்றி, முதலில் கெட்டியான பூச்சால் ஓரக்கோடு வரைந்து, மேலும் சில துளி நீர் விட்டு இளக்கிய பூச்சால் உள்ளே நிரப்புக. பிஸ்கோத்து முற்றும் ஆறியிருக்க வேண்டும். மின்விசிறிக் காற்றில் இரவு முழுவதும் உலரட்டும். மழைக்காலத்தில் இன்னும் நேரமாகும்.

புதுநன்மைக்கு வெண்மையே அழகு. கிறிஸ்து பிறப்புக்கு விண்மீன், உயிர்ப்புக்கு ஆட்டுக்குட்டி, திருமுழுக்குக்குப் புறா என்று வடிவத்தை மாற்றினால் நிறமே தேவையில்லை. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் புனித நிக்கோலாஸ் திருநாளுக்குச் செய்யும் ஸ்பெகுலாஸ், மர அச்சில் பதிந்த உருவத்தாலேயே அழகு பெறுகிறது. நிறம் வேண்டுமென்றே பிள்ளை அடம்பிடித்தால், நீருக்குப் பதிலாகப் பீட்ரூட் சாறு ரோஜா நிறம் தரும். வெளிச்சத்தில் வெளிறும் என்பதால் முந்தின நாள் மட்டும் பூசுக. மஞ்சளுக்குச் சிட்டிகை மஞ்சள்தூள். கூடினால் குழம்பு வாசனை வந்துவிடும்!

அன்று கேள்வி கேட்ட தாயின் இளைய மகளுக்கு இவ்வாண்டு புதுநன்மை. பழைய கதையை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முந்தின நாள் மாலை அவரே எங்கள் வீட்டுக்கு வந்து பீட்ரூட் துருவிக் கொடுத்தார். நான்கு கிண்ணங்களின் தண்டு மட்டும் முறிந்துவிட்டது. அவற்றை நாங்கள் இருவரும் தேநீரோடு தின்று தீர்த்தோம்.