ஊர் மாறும் பெண்களுக்கு ஏற்ற குழு

தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் வேர்விட்டது நம் மண்ணில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் அது தொடங்கிய தருமபுரி மாவட்டத்துக்குள்தான் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று இருந்தன. பத்து முதல் இருபது பேர், பக்கத்துப் பக்கத்து வீடு, வாராவாரம் கூட்டம், ஆறு மாதச் சேமிப்பு, அதன்பின் வங்கிக் கடன் என்று விதிகள் வகுக்கப்பட்டன. ஓரிடத்தில் நிலைத்திருக்கும் பெண்ணுக்கு அவை கச்சிதமாகப் பொருந்தின.

இன்று ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளுக்கும் நாகமங்கலம் பக்கத்து மின்னணு ஆலைக்கும் ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வரும் பெண்களுக்கு அவை பொருந்தவில்லை. ஆதாரில் சொந்த ஊர் முகவரி, ரேஷன் அட்டை அம்மா வீட்டில், ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஒப்பந்தம் முடிந்து ஒருத்தி கிளம்பினால் விடுதியில் அதே கட்டிலுக்கு இன்னொருத்தி வருவாள். நம் குழுப் பதிவேட்டில் ரேஷன் அட்டை எண் கேட்கும் முதல் கட்டத்திலேயே இவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

இவர்கள் ஒன்றுசேரத் தெரியாதவர்கள் அல்லர். 2025 நவம்பரில் நாகமங்கலம் அருகே பெண்கள் விடுதிக் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரியவந்தபோது, பெருந்திரளாக வெளியே வந்து போராடினார்கள், கேமரா தொடர்பாகக் கைதும் நடந்தது. ஆனால் எல்லாத் தொல்லையும் சாலைக்கு வருவதில்லை. தனி ஒருத்திக்கு நேர்வதை யாரிடம், எந்த மொழியில் சொல்வது என்ற இடத்தில்தான் நம் வேலை இருக்கிறது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) ஒப்பந்தத் தொழிலாளியையும் ஊழியராகவே கருதுகிறது. நிறுவனம் ஏற்பாடு செய்யும் பேருந்தும் அதன்படி பணியிடமே. பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றாலோ, புகார் முதலாளி மீதென்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழுவுக்குப் போகலாம். கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் தங்கி ஓசூரில் வேலை செய்பவரை ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. எங்கு நடந்த குற்றமானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. இவை நமக்குத் தெரியும். ஒடியாவிலோ சந்தாலியிலோ அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஆள் இருக்கிறதா?

அதற்கும் ஒரு குழு வேண்டும். சேமிப்பும் கடனும் இல்லாமல் அது நிற்குமா என்று கேட்போர் ஈழத்தமிழர் முகாம்களைப் பார்க்கட்டும். 1984இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்வாசிகளையே ஆசிரியர்களாகவும் நலப் பணியாளர்களாகவும் பழக்கியது. குடியுரிமை இல்லாதவர்கள் நடுவே அது நிலைத்ததற்கு முக்கியக் காரணம், உதவி கேட்பவரும் செய்பவரும் ஒரே முகாமில் இருந்ததுதான். ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது: முகாம் மக்கள் பல்லாண்டுகளாக அங்கேயே இருக்கிறார்கள், விடுதிப் பெண்களோ மாதங்களில் கிளம்பிவிடுகிறார்கள்.

ஆகவே தெருவை விட்டு விடுதியையும் ஷிப்டையும் வைத்துக் குழு அமைப்போம். கூட்டம் வார விடுமுறையில் நடக்கட்டும். முன்னதாக வந்து தமிழ் பழகிய பெண்ணை வழிகாட்டியாக்கி, அவருக்குச் சம்பளமும் கொடுப்போம். தன்னார்வம் என்ற பெயரில் ஷிப்ட் முடிந்த உடம்பை இன்னும் வாட்ட வேண்டாம்.

நிதி தருவோரிடமும் பேச வேண்டியிருக்கிறது. ஊர் திரும்பிய பெண்ணை ‘இடைநின்றவர்’ கணக்கில் சேர்ப்பதை நிறுத்துவோம். கிளம்புமுன் இன்னொருத்தியைத் தயார்செய்துவிட்டுப் போனாரா என்பதே நாம் எழுத வேண்டிய கணக்கு.